கலைஞர்கள் குடிவந்த தெருவில் வாடகை ஏன் ஏறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தில் யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு பகுதி. மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகள், நெருக்கமான சின்ன வீடுகள், தலைமுறைகளாக வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள். அங்கே ஓவியர்களும் சிற்பிகளும் நாடகக்காரர்களும் இடம் பிடிக்கிறார்கள். சில ஆண்டுகளில் வாடகை எகிறுகிறது. பழைய குடும்பங்களும் போகின்றன, கலைஞர்களும் போகிறார்கள். பல நாடுகளில் பல நகரங்களில் இதே கதை நடந்திருக்கிறது. ஸ்டூடியோ, அதாவது தங்கள் கலைவேலைக்கான இடம், தேடுகிறவர்களும் அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்களின் பக்கம் நின்றுதான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜென்ட்ரிஃபிகேஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

வசதி குறைந்தவர்கள் வாழும் பகுதிக்கு வசதியுள்ளவர்கள் குடிவருகிறார்கள், வீட்டு விலையும் வாடகையும் ஏறுகின்றன, முன்பிருந்தவர்களால் தாக்குப்பிடிக்க முடியாமல் போகிறது. இதைத்தான் சொல்கிறார்கள். 1964-இல் லண்டனைப் பற்றி எழுதும்போது சமூகவியலாளர் ரூத் கிளாஸ் இந்தப் பெயரை வைத்தார். இஸ்லிங்டன் மாதிரியான இடங்களில் பல தொழிலாளர் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த வீடுகளை நடுத்தர வர்க்கத்தினர் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பகுதியில் இது தொடங்கிவிட்டால், பழைய குடிகளில் பெரும்பாலோர் வெளியேறி அந்த இடத்தின் குணமே மாறும்வரை ஓயாது என்று அவர் அன்றைக்கே எழுதிவிட்டார்.

ரோடு, விளக்கு, பூங்கா எல்லாம் வருவது நல்லதுதானே?

நல்லதுதான். நல்ல ரோடு ஏழைக்கும் வேண்டும். ரோடு வந்த பிறகு அவரால் அங்கே இருக்க முடிகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கலைஞர்கள் ஏன் இப்படிப்பட்ட பகுதிகளையே தேடிப் போகிறார்கள்?

பெரிய ஓவியத்துக்கு உயரமான சுவரும் வெளிச்சமும் வேண்டும். சிற்பிக்குக் கல்லும் இரும்பும் தாங்கும் தளம் வேண்டும். சத்தம் போட்டால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது. பழைய தொழிற்சாலைகளில் இதெல்லாம் இருக்கும்: உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள், சரக்கு ஏற்றும் லிஃப்ட். அப்புறம், கலைஞருக்கு மாதா மாதம் ஒரே வருமானம் வருவதில்லை. ஒரு படம் விற்றால் நான்கு மாதம் ஓடும், விற்காவிட்டால் கடன். அதனால் வாடகை எங்கே குறைவோ அங்கே போகிறார்கள். ஒருவர் போனால் அவரைப் பார்த்து இன்னொருவர் வருவார்.

கலைஞர்கள் வந்த பிறகு என்னதான் நடக்கிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

நியூயார்க்கின் சோஹோவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பிற்பாடு மற்ற ஊர்களில் நடந்தவற்றில் பாதி அங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

1950-களில் சோஹோவிலிருந்து சிறு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. தீவிபத்துகள் அதிகம் என்பதால் தீயணைப்புத் துறையினர் அதை ‘நரகத்தின் நூறு ஏக்கர்’ என்றே அழைத்தார்கள். போதாக்குறைக்கு, ராபர்ட் மோசஸ் என்ற பலம்வாய்ந்த அதிகாரி அந்தப் பகுதியின் ஊடே ஒரு விரைவுச்சாலை போடத் திட்டம் வைத்திருந்தார். நாளைக்கு இடிக்கப்போகும் கட்டடத்தில் யார் பணம் போடுவார்கள்? அதனால் வாடகை அடிமட்டத்தில் கிடந்தது. கலைஞர்கள் வந்தார்கள்.

சட்டப்படி அங்கே வேலை செய்யலாம், குடியிருக்கக் கூடாது. அதனால் கட்டிலை மறைத்து வைத்து வாழ்ந்தார்கள். ஆனால் தீப்பிடித்தால்? உள்ளே ஆள் இருப்பது தீயணைப்பு வீரருக்குத் தெரியாதே. கலைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து பேசி, 1961-இல் ஓர் ஏற்பாட்டுக்கு நகர நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார்கள். கலைஞர் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ என்ற எழுத்துகளோடு எந்த மாடி என்றும் எழுதிய ஒரு சின்னப் பலகை மாட்ட வேண்டும். இங்கே ஒரு கலைஞர் வசிக்கிறார், தீப்பிடித்தால் இந்த மாடிக்கும் ஏறிப் பாருங்கள் என்று அர்த்தம். இந்தப் பலகைக்குக்கூட ஒன்றுகூடிப் போராட வேண்டியிருந்தது.

1967-இல் ஜார்ஜ் மசியூனாஸ் என்ற கலைஞர் வூஸ்டர் தெரு 80-ஆம் எண் கட்டடத்தைக் கூட்டுறவு முறையில் கலைஞர்களுக்காக வாங்க ஏற்பாடு செய்தார். 1968-இல் பவுலா கூப்பர் என்பவர் சோஹோவில் தம் கேலரியை, அதாவது கலைப்படைப்புகளைக் காட்டி விற்கும் கூடத்தை, திறந்தார். மக்கள் எதிர்ப்பால் 1969-இல் விரைவுச்சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல், நகர நிர்வாகத்திடம் சான்றிதழ் பெற்ற கலைஞர்கள் அங்கே வசிக்கலாம் என்று விதி மாறியது. 1973-இல் அந்தப் பகுதி பாரம்பரிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் போராடிப் பெற்ற வெற்றி. ஒவ்வொன்றும் கட்டடத்தின் மதிப்பையும் ஏற்றிவிட்டது. இடிப்பார்கள் என்ற பயம் போயிற்று. குடியிருக்க அனுமதி வந்தது. அழகான பழைய முகப்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. தொழிற்கூடங்களை வீடாக மாற்றுவோருக்கு வரிச் சலுகையும் வந்தது. வழக்கறிஞர்களும் வங்கிக்காரர்களும் வந்தார்கள். கலைஞர் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி பெரும்பாலும் ஏட்டோடு நின்றது. 1996-இல் பவுலா கூப்பரே அதே நகரின் செல்சி பகுதிக்குக் கேலரியை மாற்றிக்கொண்டார். 2002-இல் ஆப்பிள் நிறுவனம் சோஹோவில் கடை திறந்தது.

பழைய கலைஞர்களில் சிலர் அங்கேயே இருக்கிறார்கள். யார் என்று பார்த்தால், பெரும்பாலும் ஆரம்பத்திலேயே கூட்டுறவாகவோ தனியாகவோ இடத்தை வாங்கியவர்கள், அல்லது வீடாக மாறிய தொழிற்கூட மாடிகளுக்காக 1982-இல் வந்த லாஃப்ட் சட்டத்தால் வாடகைப் பாதுகாப்புக் கிடைத்தவர்கள். திறமையோ புகழோ ஒருவரை அங்கே தக்கவைக்கவில்லை. காகிதத்தில் என்ன உரிமை இருந்தது என்பதுதான் தக்கவைத்தது.

அப்படியென்றால் வாடகை ஏறக் கலைஞர்கள்தானே காரணம்?

ஓரளவுக்கு. ஆனால் முதல் காரணத்தைத் தேடினால் அவர்கள் வீட்டுக் கதவில் போய் நிற்க முடியாது.

1979-இல் புவியியலாளர் நீல் ஸ்மித் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு பகுதியை நெடுங்காலம் பராமரிக்காமல் விட்டால் அங்கே கிடைக்கும் வாடகை குறைந்துகொண்டே போகும். ஆனால் அதே நிலத்தில் வேறு விதமாகக் கட்டினால் கிடைக்கக்கூடிய வாடகை ஏறிக்கொண்டே இருக்கும், குறிப்பாக அது நகரத்தின் மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி போதுமான அளவு பெரிதாகும்போது பணம் உள்ளே பாயும். எல்லாப் புறக்கணிக்கப்பட்ட பகுதிகளும் ஏன் ஒரே நேரத்தில் மாறுவதில்லை என்பதும் இதிலிருந்து புரிகிறது. கலைஞர் ஒருவர் குடிவந்ததால் மட்டும் இந்த இடைவெளி உருவாகாது. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கலைஞர்களின் வருகை, பயமில்லாமல் பணம் போடலாம் என்று முதலீட்டாளருக்குச் சைகை காட்டுகிறது.

கலை என்று பொதுவாகச் சொல்வதிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் பெரிய நகர்ப்பகுதிகளை வைத்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வேகமாக மாறும் பகுதிகளில் ஜென்ட்ரிஃபிகேஷனோடு அதிகம் சேர்ந்து காணப்படுவது திரைப்படம், இசை, வடிவமைப்பு போன்ற வணிகம் சார்ந்த கலைத்தொழில்கள்தான் என்று கண்டது; நாடகக் குழு, அருங்காட்சியகம் போன்ற நுண்கலை அமைப்புகள் மெதுவாக, நிலையாக வளரும் பகுதிகளில்தான் அதிகம் இருந்தன. மூலையில் இருக்கும் சின்ன நாடகக் குழுவின் மேல் மொத்தப் பழியையும் போடுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

கலைஞரும் ஏழைதானே? பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

பையில் இருக்கும் பணம் ஒரே அளவாக இருக்கலாம். ஆனால் கலைஞரிடம் பல நேரம் வேறு சில சொத்துகள் இருக்கும்: படிப்பு, ஆங்காங்கே இருக்கும் நண்பர்கள், பத்திரிகையில் எழுதுகிறவர்களின் பழக்கம், அலுவலகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்ற தெளிவு. காலி செய்யச் சொன்னால் அவர் இன்னொரு பகுதிக்குப் போய் வேலையைத் தொடர முடியும். தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கு அந்தத் தெருவை விட்டால் வாடிக்கையாளரே கிடையாது. பிள்ளையின் பள்ளி, வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர், கடனுக்குச் சாமான் தரும் கடை எல்லாம் அந்த நான்கு தெருவுக்குள்தான் இருக்கும்.

கலைஞர் குற்ற உணர்ச்சியில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் அந்தப் பேச்சும் பழக்கமும் பக்கத்து வீட்டுக்கும் பயன்பட வேண்டும்.

ஒரு கேலரி திறந்ததற்கு ஊரே எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்று படித்தேன். கேலரியில் என்ன தப்பு?

நீங்கள் படித்தது அநேகமாக லாஸ் ஏஞ்சலஸின் பாயில் ஹைட்ஸ் பற்றியதாக இருக்கும். மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. அங்கே வரிசையாகக் கேலரிகள் திறந்தபோது, 2016 வாக்கில், உள்ளூர் மக்கள் வாசலில் நின்று மறியல் செய்தார்கள். ‘ஆர்ட்வாஷிங்’ என்று அதைக் கண்டித்தார்கள். ரியல் எஸ்டேட் பசிக்குக் கலையால் முகப்பூச்சு போடுகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. லாப நோக்கமற்ற ஒரு கலை இடம் 2017-இல் மூடப்பட்டது. அதை நடத்தியவர்களும் வளரும் கலைஞர்களுக்கு இடம் கொடுக்கத்தான் வந்தோம் என்றார்கள்.

இதைப் பற்றிக் கலைஞர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. தனிப்பட்ட ஆட்களை மிரட்டுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த மக்கள் கேட்ட கேள்வி சரியானது. எங்களுக்குத் துணி துவைக்கும் கடையும் மளிகைக் கடையும் கட்டுப்படியாகும் வீடும் வேண்டும். கேலரி வேண்டும் என்று இங்கே யார் கேட்டார்கள்? ஒரு கேலரி திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

சுவரோவியம் வரைந்தால்கூட வாடகை ஏறுமா?

யார் வரையச் சொன்னார்கள், எதற்கு என்பதைப் பொறுத்தது. மயாமியின் வின்வுட், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதி, கிடங்குகள் நிறைந்தது. டோனி கோல்ட்மன் என்ற கட்டட முதலீட்டாளர் அங்கே இடங்களை வாங்கிய பிறகு, 2009-இல் உலகின் பெயர்பெற்ற தெரு ஓவியர்களை அழைத்துக் கிடங்குச் சுவர்களில் வரைய வைத்தார். கூட்டம் வந்தது, உணவகங்கள் வந்தன, விலை ஏறியது. இதே கோல்ட்மன் 1970-களில் சோஹோவில் கட்டடங்கள் வாங்கியவர். சோஹோவில் தற்செயலாக நடந்தது வின்வுட்டில் திட்டமாகவே தொடங்கியது. சுவரில் வண்ணம் ஏறுவதற்கு முன்பே பத்திரம் கைமாறிவிட்டது.

பெர்லினில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. குரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஆற்றுப் பக்கமாக இருந்த காலி மனையின் ஓரத்தில் இரண்டு பிரம்மாண்டமான சுவரோவியங்கள் இருந்தன. புளூ என்ற இத்தாலியத் தெரு ஓவியர் 2007, 2008-இல் வரைந்தவை. ஒன்றில் தலையில்லாத ஒரு மனிதர் டையைச் சரிசெய்துகொள்கிறார். இரண்டு மணிக்கட்டிலும் தங்கக் கடிகாரம், இரண்டையும் ஒரு சங்கிலி இணைக்கிறது, கைவிலங்கு மாதிரி. நகரத்தின் அடையாளமாக அந்தப் படம் எங்கும் அச்சாகியது. அந்த மனையில் குடியிருப்பு கட்ட ஏற்பாடானது. ஓவியத்தைப் பார்த்தபடி வாழலாம் என்று வீடு விற்கத் தங்கள் படம் பயன்பட்டுவிடுமே என்று ஓவியரும் அவர் நண்பர்களும் யோசித்தார்கள். 2014 டிசம்பரில் ஒரே இரவில், ஓவியரின் சம்மதத்தோடு, உருளைத் தூரிகையால் இரண்டையும் கறுப்பு அடித்து மூடிவிட்டார்கள். விடிந்து பார்த்தவர்களுக்கு ஆறு மாடி உயரக் கறுப்புச் சுவர்தான் தெரிந்தது.

தெரு ஓவியங்கள் நிறைந்திருந்த நியூயார்க்கின் 5பாயின்ட்ஸ் கட்டடத்தில் 2013 நவம்பரில் சுவரை மூடியவர் கட்டட உரிமையாளர். இரவோடு இரவாக வெள்ளையடித்தார். ஓவியர்கள் நீதிமன்றம் போனார்கள். 1990-ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டப்படி 45 ஓவியங்களுக்கு மொத்தம் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லி 2018-இல் தீர்ப்பு வந்தது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. படத்தை அழித்ததற்கு இழப்பீடு கிடைத்தது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின.

பழைய குடும்பங்கள் உண்மையிலேயே துரத்தப்படுகின்றனவா? இல்லை, அது மிகைப்படுத்தலா?

ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. 2004-இல் நியூயார்க்கை வைத்து லான்ஸ் ஃபிரீமனும் ஃபிராங்க் பிராகோனியும் செய்த ஆய்வில், மாறிக்கொண்டிருந்த பகுதிகளில் இருந்த ஏழைக் குடும்பங்கள் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே வீடு மாறினார்கள் என்று தெரிந்தது. பார்த்தீர்களா, யாரும் துரத்தப்படவில்லை என்று பலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் வெளியேறாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். இடம் பிடித்திருக்கிறது என்று இருப்பது ஒன்று. வேறெங்கும் போக வழியில்லாமல், வருமானத்தில் பாதியை வாடகைக்குக் கொட்டிக்கொண்டு, ஒரே அறையில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு இருப்பது இன்னொன்று. அப்புறம், 1985-இல் நகரத் திட்டமிடல் அறிஞர் பீட்டர் மார்க்கூசே சுட்டிக்காட்டியது போல, துரத்துவது மட்டுமே வெளியேற்றம் ஆகாது. ஒரு குடும்பம் தானாகவே போகும்போது அதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தால் அந்த வீட்டுக்கு வர முடியவில்லை என்றால், அதுவும் ஒரு வகை விலக்கல்தான். மகளுக்குக் கல்யாணம் ஆனால் அவளால் அதே தெருவில் வீடு பார்க்க முடியாது. யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை, ஆனாலும் பதினைந்து வருடத்தில் தெருவே மாறிவிடும்.

குடியிருப்பு சரி, சின்னக் கடைகளுக்கு என்ன பாதுகாப்பு?

பெரும்பாலான நகரங்களில் வீட்டு வாடகைக்கு இருக்கும் கட்டுப்பாடுகூடக் கடைக்கும் ஸ்டூடியோவுக்கும் கிடையாது. தென் கொரியத் தலைநகர் சியோலில் இதை எதிர்கொள்ள முயன்றிருக்கிறார்கள். சோங்சு-தோங் பகுதி, காலணிப் பட்டறைகளும் சிறு ஆலைகளும் இருந்த இடம். கலைஞர்களும் இளைஞர்களும் வந்து பெயர்பெற்றது. அதை நிர்வகிக்கும் சோங்தோங் மாவட்டம் 2015-இல் ஜென்ட்ரிஃபிகேஷனைத் தடுக்கவென்றே ஓர் உள்ளூர் விதி கொண்டுவந்தது; தென் கொரியாவில் அதுதான் முதல். கட்டட உரிமையாளர்களோடு பேசி, வாடகையைக் கண்டபடி ஏற்றமாட்டோம் என்று ஒப்பந்தம் செய்ய வைத்தார்கள். பின்பு 2018-இல் நாட்டின் வணிகக் கட்டட வாடகைச் சட்டமே திருத்தப்பட்டு, வாடகைதாரர் குத்தகையைப் புதுப்பித்துக் கேட்கும் உரிமை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டானது. மனமுவந்து செய்யும் ஒப்பந்தம் விலை ஏறும்போது உடையும். சட்டம் உடையாது. அதனால் இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இடத்தைக் காப்பாற்றிக்கொண்ட கலைஞர்கள் எங்காவது உண்டா?

உண்டு. வழிகள் வேறு வேறு.

நியூயார்க்கின் வெஸ்ட்பெத், பழைய பெல் ஆய்வுக்கூடக் கட்டடம். ஓர் அறக்கட்டளையும் அரசின் கலை நிதியும் சேர்ந்து அதைக் கலைஞர் குடியிருப்பாக்கி 1970-இல் திறந்தார்கள். சுமார் 380 வீடுகள். சுற்றிலும் நகரத்தின் விலையுயர்ந்த பகுதியாகிவிட்ட பிறகும் அங்கே கலைஞர்கள் குறைந்த வாடகையில் வாழ்கிறார்கள், ஏனென்றால் கட்டடம் லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் இருக்கிறது. கிடைத்தவர்கள் விடுவதில்லை. காத்திருப்போர் பட்டியல் அத்தனை நீண்டதால் 2007-இல் அதையே மூடிவைத்தார்கள்.

லண்டனில் 1968-இல் ஓவியர்கள் பிரிஜெட் ரைலியும் பீட்டர் செட்ஜ்லியும் ஸ்பேஸ் என்ற அமைப்பைத் தொடங்கிக் கைவிடப்பட்ட துறைமுகக் கிடங்குகளை ஸ்டூடியோ ஆக்கினார்கள். 1972-இல் ஆக்மி என்ற இன்னோர் அமைப்பு தொடங்கியது. இடிக்கக் காத்திருந்த வீடுகளை நகர நிர்வாகத்திடமிருந்து தற்காலிகமாகப் பெற்றுக் கலைஞர்களுக்குக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்பது எப்போதும் ஆபத்து என்பதால், ஆக்மி பிற்பாடு சொந்தமாகக் கட்டடம் வாங்கும் பக்கம் திரும்பியது. அது எவ்வளவு தேவை என்பது 2014-இல் தெரிந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் நகரத்தின் கலைஞர் பணியிடங்களில் 30 சதவீதம் போய்விடலாம் என்று லண்டன் மேயர் அலுவலகத்தின் ஆய்வே எச்சரித்தது.

ஜெர்மனியில் ஹம்பர்க்கின் கேங்கஃபியர்டெல் கதை வேறு மாதிரி. நகரின் நடுவில் எஞ்சியிருந்த பழைய தொழிலாளர் குடியிருப்புத் தொகுதி அது. நகர அரசு அதை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2009 ஆகஸ்டில் கலைஞர்களும் மற்றவர்களும் கண்காட்சி வைக்கிறோம் என்று உள்ளே நுழைந்து அங்கேயே இருந்துவிட்டார்கள். அதே ஆண்டு, எங்களை விளம்பரப் பொருளாக்காதீர்கள் என்று நகர அரசுக்கு எதிராகக் கலைஞர்கள் பகிரங்க அறிக்கையும் விட்டார்கள். ஊர் மக்கள் பெருவாரியாக ஆதரித்ததால், ஆண்டு முடிவதற்குள் அரசு அந்த இடத்தைத் திரும்ப வாங்கியது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2013-இல் காஸ்ட் என்ற அறக்கட்டளை வந்தது. கலைக் குழு தங்கியிருக்கும் கட்டடத்தை முதலில் தானே வாங்கிவிடும். அந்தக் குழு குத்தகை கொடுத்துக்கொண்டே சில ஆண்டுகள் பணம் திரட்டி, பழைய விலைக்கே கட்டடத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். இடையில் சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் அவர்களைத் தொடாது.

தோற்றவர்களின் பட்டியல் இதைவிட நீளம். பெர்லின் சுவர் விழுந்த சில மாதங்களில், 1990-இல், இடிபாடாக நின்ற ஒரு பழைய பல்பொருள் அங்காடியைக் கலைஞர்கள் ஆக்கிரமித்து டாகெலெஸ் என்று பெயரிட்டார்கள். 22 ஆண்டுகள் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். 2012-இல் காலி செய்ய வைக்கப்பட்டது. அவ்வளவு புகழ் இருந்தும் நிலத்தின் உரிமை அவர்களிடம் வரவேயில்லை.

கலைஞர்களுக்கு மட்டும் சலுகை வாடகை கொடுப்பது நியாயமா?

அது மட்டும் என்றால் நியாயமில்லை. ஓவியர் இருக்கலாம், பக்கத்தில் தையல் வேலை செய்பவர் போக வேண்டும் என்றால், அந்த ஓவியர் எந்த ஊருக்காக வரைகிறார்?

ஹூஸ்டனின் மூன்றாவது வார்டு கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1993-இல் ரிக் லோ உள்ளிட்ட ஏழு கலைஞர்கள் அங்கே பாழடைந்து கிடந்த 22 சிறு வீடுகளை எடுத்துப் பழுதுபார்த்தார்கள். அதுதான் பிராஜெக்ட் ரோ ஹவுசஸ். சில வீடுகளில் கலை. சில வீடுகளில், படிப்பை முடிக்கப் போராடும் இளம் தாய்மார்கள் குழந்தைகளோடு தங்கினார்கள். பிற்பாடு குறைந்த வாடகை வீடுகள் கட்டவும் தனி அமைப்பு தொடங்கினார்கள். சுற்றிலும் விலை ஏறும் அழுத்தம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் கலையும் வீடும் ஒரே வாசலுக்குள் இருப்பதால், ஊர்க்காரர் அதை வெளியாள் கொண்டுவந்ததாக நினைப்பதில்லை.

நகர அரசே ‘கலை மாவட்டம்’ என்று அறிவித்தால் நல்லதுதானே?

இடிபடாமல் தப்பிக்கும். பீஜிங்கின் 798 பகுதி, 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் உதவியோடு கட்டிய தொழிற்சாலை வளாகம், அப்படித் தப்பித்தது. ஆனால் கட்டடங்கள் தப்பின, வாடகை தப்பவில்லை. முதலில் வந்த கலைஞர்கள் பலர் வெளியே போனார்கள். அறிவிப்போடு வாடகை உச்சவரம்பும் நீண்ட குத்தகையும் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அது விளம்பரம்தான்.

ஒரு பில்டர் காலிக் கட்டடத்தை ஓராண்டுக்கு இலவசமாகத் தருகிறார். எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், கண்ணைத் திறந்துகொண்டு. காலிக் கட்டடத்துக்குக் காவலும் பராமரிப்பும் செலவு; நீங்கள் இருந்தால் அது மிச்சம். சில நாடுகளில் வரியும் மிச்சமாகும். கூடவே அந்த இடத்துக்குப் பெயரும் கிடைக்கும். இதையெல்லாம் நீங்கள் அவருக்குத் தருகிறீர்கள். அதனால் பதிலுக்குக் கேளுங்கள்: கட்டி முடித்த பிறகு தரைத்தளத்தில் நிரந்தர ஸ்டூடியோக்கள், குறைந்த வாடகையில், எழுத்தில். முன்பு அங்கே இருந்தவர்களைக் காலி செய்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தால், மறுத்துவிடுங்கள்.

வாடகை மிச்சம் என்று கிடங்கிலேயே தங்குவது?

வேண்டாம். 2016 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஓக்லண்டில் கோஸ்ட் ஷிப் என்று அழைக்கப்பட்ட கிடங்கில் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அது கலைஞர்கள் அனுமதியில்லாமல் குடியிருந்த இடம். வேறு வழியே இல்லை என்றால், இரண்டு வெளியேறும் வழி, புகை எச்சரிக்கைக் கருவி, சரியான வயரிங் மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள். பாதுகாப்புக் குறை என்று புகார் கொடுத்தால் உடனே காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பழுது பார்க்கும் காலத்தில் குடியிருப்பவரை வெளியேற்றாமல் காக்கும் விதி நகரத்துக்கு வேண்டும் என்று சங்கங்கள் கேட்பது இதற்காகத்தான்.

புதிதாக ஒரு பகுதிக்கு ஸ்டூடியோ மாற்றுகிறேன். நான் என்ன செய்யலாம்?

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். எத்தனை வருடம், புதுப்பிக்கும் உரிமை யாருக்கு, வாடகை எந்தக் கணக்கில் ஏறும், எவ்வளவு நாள் நோட்டீஸில் உங்களை வெளியேற்றலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்கள் போடும் தளம், வயரிங், குளியலறைக்கான செலவு வாடகையில் கழியுமா என்றும் கேளுங்கள். பல கலைஞர்கள் தங்கள் கைக்காசில் ஓட்டைக் கட்டடத்தைச் சீராக்கி, சீரான பிறகு அதிக வாடகை தரக்கூடிய ஒருவருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்து, உங்களுக்கு முன் அங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று விசாரியுங்கள். கண்காட்சி அழைப்பிதழில் ‘யாருமே இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தோம்’ என்று எழுதாதீர்கள், ஆட்கள் இருக்கிறார்கள். கலைஞர் சங்கத்தோடு நின்றுவிடாமல் அந்தப் பகுதி வாடகைதாரர் சங்கத்திலும் சேருங்கள். கூட்டத்துக்கு ஸ்டூடியோவைத் திறந்துவிடுங்கள், மனு எழுதிக் கொடுங்கள், போஸ்டர் அடித்துக் கொடுங்கள். சுவரில் வரையக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் யார் என்று பார்த்துவிட்டு, தெருவில் இருப்பவர்களிடம் என்ன வரையலாம் என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் எப்போது தொடங்க வேண்டும்?

பகுதியின் பெயர் பத்திரிகையில் வருவதற்கு முன்பே. சமூக நில அறக்கட்டளை என்ற முறையில், நிலம் என்றென்றைக்கும் ஓர் அமைப்பின் பெயரில் இருக்கும். மேலே இருக்கும் வீட்டையோ கடையையோ கட்டுப்படியாகும் விலைக்கு மட்டுமே கைமாற்ற முடியும். அமெரிக்காவில் 1969-இல் ஜார்ஜியாவின் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த முறை இது. இப்போது கலைஞர் ஸ்டூடியோக்களுக்காகவும் கையாள்கிறார்கள். லண்டனில் 2019-இல் அப்படி ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஆனால் நிலம் மலிவாக இருக்கும்போதுதான் வாங்க முடியும். மலிவாக இருக்கும்போது யாருக்கும் அவசரம் தெரிவதில்லை.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பேச்சுவாக்கில் சொன்னதை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாடகை கட்டுவதையும் நிறுத்தாதீர்கள். வாடகை பாக்கி என்பதே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். நோட்டீஸ் தேதி, வாடகை ரசீதுகள், நீங்கள் செய்த பழுதுவேலையின் பில்கள், முன்பு வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். வாடகை வழக்கு பார்க்கும் வழக்கறிஞரையோ இலவச சட்ட உதவி மையத்தையோ கெடு முடியும் முன் பாருங்கள். அப்புறம், அதே கட்டடத்தில், பக்கத்துக் கட்டடத்தில் வேறு யாருக்கெல்லாம் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று அன்றைக்கே கதவு தட்டிக் கேளுங்கள். உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு தொகை பேசிக்கொண்டிருப்பார். எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, யாரிடம் என்ன சொன்னார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த பேச்சுக்குச் சேர்ந்தே போங்கள்.